குரலுக்குப் பெயர் இல்லை

நாம் அனுப்பிய உறுப்பினர் நாடாளுமன்றத்தில் என்ன செய்தார் என்பதை எதைக்கொண்டு அறிவது? இதுவே இன்றைய பேச்சின் பொருள். ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கு முன்பும் நாளிதழ்களில் ஓர் அட்டவணை வரும். வருகை இத்தனை விழுக்காடு, கலந்துகொண்ட விவாதங்கள் இத்தனை, கேட்ட கேள்விகள் இத்தனை, கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் இத்தனை. 2005-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் அவையின் ஏடுகளிலிருந்து திரட்டித் தரும் எண்கள் இவை. திரட்டியவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அட்டவணையில் ஒரு கட்டம் இல்லை. எந்தச் சட்டத்துக்கு வாக்களித்தார், எந்தச் சட்டத்தை எதிர்த்தார் என்ற கட்டம். சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவரின் மதிப்பெண் பட்டியலில் சட்டத்தின்மீது அவர் போட்ட வாக்கைக் காணோம். அதைத் திரட்ட மறந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான சட்டங்களுக்கு அப்படியொரு பதிவே கிடையாது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரின் கணக்கை டஜன் டஜனாக எழுதி வைக்கும் ஊர் நம் திருப்பூர். தைத்தவர் எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு பேசினார் என்று மட்டும் எழுதிக்கொண்டு தைத்த துணியைக் கணக்கில் சேர்க்காத கம்பெனி இங்கே ஒரு வாரம் ஓடாது.

அரசியலமைப்பின் 100-ஆம் பிரிவு, அவைக்கு வந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை எதுவோ அதுவே முடிவு என்கிறது. அந்தப் பெரும்பான்மையை எப்படித் தெரிந்துகொள்வது என்பதை அவையின் நடைமுறை விதிகளுக்கு விட்டுவிட்டது. விதிப்படி, தலைவர் முதலில் ஆதரிப்போரை ‘ஆம்’ என்றும் எதிர்ப்போரை ‘இல்லை’ என்றும் சொல்லச் சொல்வார். எந்தப் பக்கத்து ஓசை பெரிது என்று அவர் காதுக்குப் படுகிறதோ அந்தப் பக்கம் வென்றதாக அறிவிப்பார். யாராவது அதை மறுத்துப் பெயர்வாரி வாக்கெடுப்பு கேட்டால்தான் மின்பலகையில் பெயர்கள் ஏறும். மக்களவை விதி அங்கேயும் ஒரு பக்கவாசல் வைத்திருக்கிறது. தேவையில்லாமல் கேட்கிறார்கள் என்று தலைவர் கருதினால், இரு தரப்பையும் எழுந்து நிற்கவைத்துத் தலைகளை எண்ணிவிட்டு, பெயரைப் பதியாமலே முடித்துக்கொள்ளலாம். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மட்டும் இந்த வசதி இல்லை. 368-ஆம் பிரிவு தனிப் பெரும்பான்மை கேட்பதால் எண்ணியே தீர வேண்டும். நாம் யாரிடமிருந்து இந்த முறையைக் கற்றோமோ அந்த பிரிட்டன் மக்கள் சபை, வாக்களித்தவர்களின் பெயர்ப் பட்டியலை 1836 முதல் அச்சிட்டு வருகிறது. அமெரிக்க அரசியலமைப்போ, அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் பெயர்கள் ஏட்டில் ஏறியே ஆக வேண்டும் என்கிறது. அங்கே தலைவரின் கருத்துக்கு வேலை இல்லை. நாம் குரலை வாங்கிக்கொண்டோம், பட்டியலை விட்டுவிட்டோம்.

இதனால் திருப்பூருக்கு என்ன என்று கேட்கலாம். 2020 செப்டம்பர் 22-ஐ எடுத்துக்கொள்வோம். தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அன்று ஒரே நாளில் மக்களவையில் நிறைவேறின. மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறின. இரண்டு இடத்திலும் குரல் வாக்கெடுப்புத்தான். எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. கொரோனாவைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே இல்லை. அன்று என்ன மாறியது? மின்சாரம் கொண்டு இயங்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை என்ற வரையறை இருபது பேராயிற்று. நூறு பேர் வேலை செய்யும் ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வரம்பு முந்நூறு ஆயிற்று. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருபது பேரிலிருந்து தொடங்கியது, ஐம்பதுக்குப் போயிற்று. பெரிய ஏற்றுமதி கம்பெனிகள் போக, பதினைந்து மிஷின் போட்ட பவர் டேபிள்களும், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பிரித்து எடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுமாகக் கிடக்கும் இந்த ஊரில், பத்துக்கும் இருபதுக்கும் இடையே எத்தனை கூரைகள் இருக்கின்றன என்பது இங்கிருப்போருக்குத் தெரியும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒரு தையல்காரர் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் இருக்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்பதை அந்த ஓசை தீர்மானித்தது. 2025 நவம்பர் 21-இல் அச்சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றை ஆதரித்தவர்களின் பெயர்ப் பட்டியலை இன்று யாராலும் எடுக்க முடியாது. புறக்கணித்த எதிர்க்கட்சிகளும் இதில் பங்காளிகளே. அவைக்குள் ஒருவராவது இருந்து பெயர்வாரி வாக்கெடுப்பு கேட்டிருந்தால், மறுக்கப்பட்ட கோரிக்கையாவது ஏட்டில் இருந்திருக்கும்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 20-இல், வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தன. அ.தி.மு.க. உறுப்பினர் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் அவற்றைக் குறைகூறிப் பேசினார். அவருடைய கட்சி அம்மசோதாக்களை மக்களவையில் ஆதரித்திருந்தது. தமிழ்நாட்டில் அவருடைய கட்சியின் முதலமைச்சரும் ஆதரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அவை அமளியில் மூழ்கியது. எதிர்க்கட்சிகள் கேட்ட பெயர்வாரி வாக்கெடுப்பு நடத்தப்படாமல் குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. ஒரு மனிதரின் பேச்சு ஏட்டில் இருக்கிறது. அவருடைய வாக்கு இல்லை. அட்டவணை போடுகிறவர் அவர் கணக்கில் ‘விவாதம்: 1’ என்று எழுதிக்கொள்வார், அது முழு உண்மைதான். இதன் எதிர்ப்புறத்தில் 2019 டிசம்பர் 11 இருக்கிறது. குடியுரிமைத் திருத்த மசோதா அன்று மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது, பெயர்வாரியாக. அ.தி.மு.க.வின் 11 உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். அந்தப் பதினொன்றை இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் 114-க்கு 116. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் புரிந்த கழித்தல் கணக்கு அது. தேர்தல் மேடைகளில் ஓயாமல் ஒலித்தது. 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அச்சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அதே கட்சி எழுதிக்கொடுக்க வேண்டி வந்தது. பதிவான வாக்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவாகாத வாக்குக்கு மௌனம் போதும்.

கட்சி மாறுவதைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை 1985-இல் வந்த பிறகு உறுப்பினருக்குச் சொந்தமாக ஒரு வாக்கு ஏது, கொறடா சொன்னபடி கை தூக்குவதைப் பதிந்து என்ன பயன் என்று ஒரு மறுப்பு உண்டு. பலமான மறுப்பு. கொறடாவின் அதிகாரத்தை நம்பிக்கை வாக்கெடுப்பு, கட்சியின் அடிப்படைக் கொள்கை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று 1992-இல் கிஹோட்டோ ஹோலோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றமே கருதியது. சட்டம் அப்படித் திருத்தப்படவில்லை. ஆனாலும் இந்த மறுப்பு, தனி உறுப்பினரின் வாக்கு மட்டுமே மறைகிறது என்று எண்ணிக்கொள்கிறது. குரல் வாக்கெடுப்பில் கட்சியின் வாக்கும் சேர்ந்தே மறைகிறது. பதிவு இருந்தால் கட்சியின் நிலை எவ்வளவு தெளிவாகும் என்பதற்கு இந்த ஊரைப் பாதித்த சட்டமே சான்று. சரக்கு, சேவை வரிக்கான அரசியலமைப்புத் திருத்தம் 2016 ஆகஸ்ட் 8-இல் மக்களவையில் 443-க்கு 0 என்று நிறைவேறியது. அப்போது திருப்பூரின் உறுப்பினர் அ.தி.மு.க.வின் வி. சத்தியபாமா, கட்சிக்கு மக்களவையில் 37 பேர். அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. எதிர்ப்புப் பேச்சு அவைக்குறிப்பில் உண்டு, எதிர்ப்பு வாக்கு என்ற இடத்தில் சுழியம் இருக்கிறது. வரி வந்தபின் ரீஃபண்டுக்குக் காத்திருந்த பனியன் கம்பெனிக்காரர்கள், எதிர்த்தீர்களா, வழிவிட்டீர்களா என்று கேட்க அந்தச் சுழியம் ஒன்றே போதும். கொறடா சொல்லித்தான் செய்தார்கள் என்றால் கேள்வி கொறடாவுக்குப் போகட்டும். கேட்க ஒரு தாள் வேண்டுமல்லவா?

இனி பேச்சு. பேசியதை எண்ணுவது நியாயமான அளவுகோல்தானே? இதைச் சோதிக்கத் திருப்பூரைவிட நல்ல இடம் அமையாது. 1952 தேர்தலில் திருப்பூர் பெயரில் ஒரு தொகுதி இருந்தது, தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் வென்றார். பிறகு மறைந்த அந்தப் பெயர் 2008 மறுசீரமைப்பில் திரும்பி வந்தது. 2009-இல் சி. சிவசாமி, 2014-இல் சத்தியபாமா, 2019-இலும் 2024-இலும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயன். ஆக, ஒரே ஊர் ஒருமுறை 37 பேர் கொண்ட கட்சியின் வழியாகவும், பிறகு இரண்டே பேர் கொண்ட கட்சியின் வழியாகவும் டெல்லியில் பேசியிருக்கிறது. அந்த இரண்டு பேரும் தமிழ்நாட்டார், மற்றவர் நாகப்பட்டினத்தின் உறுப்பினர். விவாத நேரம் கட்சியின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது. இரண்டு பேர் கட்சிக்குச் சில நிமிடம் கிடைக்கும், அதுவும் கடைசி வரிசையில், அவை காலியாகும் நேரத்தில். ஆனால் கட்சியில் இருவரே என்பதால் அந்த நிமிடங்கள் அந்த இருவருக்கே வந்து சேரும். 37 பேர் கட்சிக்கு நேரம் கூடுதல். அங்கே தலைவர்கள் பேசி முடித்தபின் புது உறுப்பினருக்கு எஞ்சுவது என்ன? ‘விவாதங்கள்’ என்ற எண்ணை வைத்து சத்தியபாமாவையும் சுப்பராயனையும் ஒப்பிட்டால் நாம் அளப்பது அவர்களுடைய உழைப்பையா, கட்சிகளின் அளவையா? வருகையின் கதை இன்னும் வேடிக்கை. நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து அரசு விளக்கம் தர வேண்டும் என்று கேட்டதற்காக 2023 டிசம்பர் 14-இல் மக்களவையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் திருப்பூரின் சுப்பராயனும், பல்லடத்தை உள்ளடக்கிய கோவையின் பி.ஆர். நடராஜனும் இருந்தார்கள். அன்று அவையிலேயே இல்லாத சேலம் உறுப்பினர் எஸ்.ஆர். பார்த்திபனின் பெயரும் பட்டியலில் சேர்ந்து, பிறகு நீக்கப்பட்டது. வந்தவர், வராதவர் என்ற கணக்கை அவையே எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறது என்பதற்கு இதற்குமேல் உரை தேவையில்லை. இடைநீக்கங்கள் இரு அவைகளிலுமாக 146 வரை போயின. அவர்கள் வெளியே நிற்கையில், டிசம்பர் 20-இல், மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின.

கேள்விகளின் எண்ணிக்கையும் இப்படித்தான் நம்மை ஏமாற்றும். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்டவை 20, குறியிடாதவை 230 என்று வரம்பு. யாருடையது வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. ஒரே பொருளில் பலர் கேட்டால் பெயர்களைச் சேர்த்துக் கட்டி ஒரே பதில் தருவார்கள்; அத்தனை பேர் கணக்கிலும் ஒரு கேள்வி ஏறும். கேள்விக்குக் காசு வாங்கிய குற்றத்துக்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்களே, அவர்கள் கேட்டவையும் எண்ணிக்கையில் அடங்கியவைதான். ஆனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரு கேள்வியை எடுத்துப் பாருங்கள். கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, அப்படியொரு தரவு பராமரிக்கப்படவில்லை என்று 2020 செப்டம்பர் 14-இல் தொழிலாளர் அமைச்சகம் மக்களவையில் எழுத்தில் பதிலளித்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் கைகளால் ஓடும் இந்த ஊருக்கு அந்த ஒரு வரி நூறு உரைகளுக்குச் சமம். அரசு தன் வாயால், தன் கையெழுத்தில், தான் எண்ணவில்லை என்று ஒப்புக்கொண்ட ஆவணம் அது. அந்தத் தொழிலாளரில் பெரும்பாலோருக்கு இங்கே வாக்கு இல்லை. அவர்களுக்காக இங்கிருந்து கேட்கப்படும் கேள்வியால் கேட்பவருக்கு ஒரு வாக்கும் கூடாது. அப்படிப்பட்ட கேள்விகளைத்தான் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராக நானே எழுப்பிக்கொள்ள வேண்டிய ஒன்று மிச்சம் இருக்கிறது. எல்லா வாக்கும் பெயரோடு பதிவானதாகவே வைத்துக்கொள்வோம். திருப்பூரின் தலைவிதி அந்த வாக்குகளிலா இருக்கிறது? பெரும்பாலும் இல்லை. குறித்த கால வேலை என்ற முறை ஆயத்த ஆடைத் தொழிலுக்குள் வந்தது 2016 அக்டோபரில், ஓர் அறிவிக்கையால். சட்டமானது நான்கு ஆண்டு கழித்து. பருத்தி இறக்குமதிக்கு 2021 பட்ஜெட்டில் தொடங்கிய 11 விழுக்காட்டு வரி, நூல் விலை ஏறி ஊரே கதவடைத்த 2022-இல் ஓர் அறிவிக்கையால் நின்றது. பிறகு திரும்பி வந்தது. அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்ட 2025 ஆகஸ்ட் மாதத்தில் இன்னோர் அறிவிக்கையால் மறுபடி நின்றது. துணிக்கு 12 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்று 2022 ஜனவரி 1-இலிருந்து வரவிருந்ததை முந்தின நாள் தள்ளிவைத்தது, அமைச்சர்கள் மட்டும் அமரும் ஜி.எஸ்.டி. மன்றம். 2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்துக்கு, நம் முறைப்படி, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாக்கு தேவையே இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரின் லாப நட்டம் இப்படி அறிவிக்கைகளில் தொங்குகிறது. மறுப்பை ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை, அடுத்த அறைக்கு நகர்த்துகிறது. வாக்கு எட்டாத இடத்தில் உறுப்பினருக்கு இருக்கும் ஆயுதம் கேள்வியும் நிலைக்குழுவும். தொழில் உறவுத் தொகுப்பு நிலைக்குழுவில் இருந்தபோது இடதுசாரி உறுப்பினர்கள் எழுதிக்கொடுத்த மறுப்புக் குறிப்புகள் 2020 ஏப்ரல் அறிக்கையோடு அச்சில் இருக்கின்றன. அவையில் கரைந்த எதிர்ப்பு, குழுவில் பெயரோடு நிற்கிறது. அந்த வாசலும் குறுகிவருகிறது: 15-ஆவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுவுக்குப் போயின, 17-ஆவதில் 16 விழுக்காடு. இன்னொன்று, அரசு உறுதிமொழிக் குழு. ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று அமைச்சர் ஒரு கேள்விக்குச் சொன்னால் அது உறுதிமொழியாகக் குறித்துக்கொள்ளப்படும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். 1953 முதல் இருக்கும் ஏற்பாடு இது. அந்த ஏட்டைத் திறந்து பார்த்து வாக்குக் கேட்டவர் யார், பார்த்து வாக்களித்தவர்தான் யார்?

தொகுதிக்காகக் குரல் கொடுத்தார் என்ற பாராட்டிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. எந்தத் தொகுதி, அதில் யாருக்காக? பின்னலாடை வட்டாரம் ஐந்து மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கிறது. அவினாசி நீலகிரியோடு போயிற்று, பல்லடம் கோவையோடு, காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டோடு, உடுமலைப்பேட்டை பொள்ளாச்சியோடு. திருப்பூர்த் தொகுதிக்கு எஞ்சிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் நான்கு, ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம். கோபியின் நெல்லுக்கும், பவானியின் ஜமக்காளத்துக்கும், மாநகரின் பனியனுக்கும் ஒரே உறுப்பினர். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது பட்டறைகள் ஒரு பக்கத்துத் தொகுதிகளில் இருந்தன. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, சாயக்கழிவு கலந்த நொய்யல் தண்ணீரைத் தொட முடியாத உழவர்கள் வேறு தொகுதிகளில் இருந்தார்கள். நூல் விலை குறைய வேண்டும் என்பது பின்னுகிறவரின் கோரிக்கை. நூற்பாலைக்காரருக்கு வேறு கணக்கு, பருத்தி விளைவிப்பவருக்கு இன்னொரு கணக்கு. பேசினார் என்று எண்ணுகிற அட்டவணை, யார் பக்கம் நின்று பேசினார் என்பதைக் காட்டாது. வாக்கு காட்டும். அதனால்தான், என் எண்ணத்தில், எல்லாக் கட்சிக்கும் குரல் வாக்கெடுப்பு வசதியாக இருக்கிறது.

உறுப்பினரின் உண்மையான வேலை அமைச்சரைப் பார்த்து மனுக் கொடுத்துக் காரியம் முடிப்பதுதானே என்பார்கள். 2022 மே மாதம் நூல் விலைக்காகத் தி.மு.க. உறுப்பினர் கனிமொழி தலைமையில் மேற்கு மாவட்ட உறுப்பினர்கள் மத்திய அமைச்சர்களைச் சந்தித்தது எந்த அட்டவணையிலும் ஏறவில்லை என்பது உண்மை. அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் மனு, கொடுப்பவரை வேண்டுபவராக நிறுத்துகிறது; கேள்வி, அமைச்சரைப் பதில் சொல்பவராக நிறுத்துகிறது. பெயர்வாரி வாக்கெடுப்புக்கு நேரம் ஆகும் என்ற சாக்கு பொத்தான் அழுத்தும் இக்காலத்தில் எடுபடாது. 17-ஆவது மக்களவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மசோதாக்கள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விவாதத்தில் நிறைவேறின. அவ்வளவு அவசரத்திலும் சில நிமிடம் மிஞ்சும்.

இந்த மன்றத்தில் தொழிற்சங்கத்தாரும் ஏற்றுமதியாளர் சங்கத்தாரும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். இரு சாராரிடமும் ஒரே வேண்டுகோள். இந்த ஐந்து தொகுதிகளின் உறுப்பினர்கள் ஜவுளி, தொழிலாளர், வணிகம், நிதி ஆகிய நான்கு அமைச்சகங்களிடம் கேட்ட கேள்விகளையும், வந்த பதில்களையும், நிலுவையில் நிற்கும் உறுதிமொழிகளையும் ஆண்டுக்கு ஒருமுறை தமிழில் ஒரே ஏடாக அச்சிடுங்கள். எல்லாம் பொது ஆவணம், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஏட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த ஆண்டு நிறைவேறிய சட்டங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நம் உறுப்பினர் பெயர்வாரி வாக்கெடுப்பு கேட்டாரா என்று ஒரு கட்டம் போடுங்கள். 2029-இல் யார் வந்து வாக்குக் கேட்டாலும், கட்சி எதுவானாலும், அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.